சூ பேர்ட் ரசிகையிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடைப்பந்து என்று யார் பேச்செடுத்தாலும் பத்து நிமிஷத்துக்குள் நான் சூ பேர்டிடம் போய் நின்றுவிடுவேன். அதற்கப்புறம் வரும் கேள்விகளும் அநேகமாக ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நடுநிலையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில், யார் இந்த சூ பேர்ட்?

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை. 1980-இல் பிறந்தவர், நியூயார்க் மாநிலத்தின் சயோசெட் ஊர்க்காரர். கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிவிட்டு, 2002-இல் பெண்களுக்கான தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏ-வின் டிராஃப்டில் (புது ஆட்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக எடுக்கப்பட்டு சியாட்டில் ஸ்டார்ம் அணிக்குப் போனார். 2022-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். பத்தாம் எண் ஜெர்சி, பின்னால் இழுத்துக் கட்டிய குதிரைவால் கொண்டை. நான்கு லீக் பட்டங்கள் (2004, 2010, 2018, 2020), ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள். முதல் பட்டம் வாங்கும்போது வயது 23, கடைசிப் பட்டம் வாங்கும்போது 39. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைப் பற்றித்தான் கீழே பாதிக்கு மேல் எழுதப் போகிறேன்.

பெயர்தான் பேர்ட். பறந்துபோய்ப் பந்தைப் போட்டதெல்லாம் கிடையாது, குதிப்பதே குறைவு.

அவ்வளவு புள்ளி எடுத்தவர் இல்லையே, அப்புறம் என்ன இவ்வளவு பிரியம்?

இதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 11.7 புள்ளிதான், மோசமில்லை என்றாலும் அதைப் பார்த்து யாரும் போஸ்டர் ஒட்ட மாட்டார்கள். ஆனால் 580 ஆட்டங்களில் 3,234 அசிஸ்ட். ஓய்வு பெற்றபோது லீக் வரலாற்றிலேயே அதுதான் அதிகம், ஆட்ட எண்ணிக்கையிலும் அவர்தான் முதலிடம்.

அசிஸ்ட் என்ற கணக்கையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் பாஸை வாங்கியவர் உடனே கூடையில் போட்டால்தான் உங்கள் பெயரில் ஒன்று ஏறும். பாஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்கியவர் கை பிசகிவிட்டால் அது நடந்ததாகவே கணக்கில் இருக்காது. அதாவது உங்கள் வேலையின் பலன் முழுக்க இன்னொருவர் கையில். அப்படிப்பட்ட ஒரு கணக்கில் இருபது வருஷம் முதலிடத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்த ஒருத்தரை எனக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

பந்தியில் பரிமாறுகிறவர்களில் ஒருத்தர் இருப்பார் பாருங்கள், யார் இலையில் எது தீர்ந்திருக்கிறது, யார் கூச்சப்பட்டுக் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நடக்கும்போதே கவனித்துக்கொண்டு வருவார், நாம் நிமிர்வதற்குள் கரண்டி இலைமேல் இருக்கும். சூ ஆடுவதைப் பார்த்தால் எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வருவார். மூன்று முறை பந்து போட்டுத் தவறவிட்ட சக வீராங்கனைக்கு நான்காவது பந்தை எங்கே கொடுத்தால் நம்பிக்கை திரும்பும் என்பது வரை அவர் யோசிப்பார் என்று எனக்குத் தோன்றும். நான் இட்டுக்கட்டுகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். பத்து ஆட்டம் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

சரி, அந்தப் பாஸில் அப்படி என்னதான் இருக்கிறது? எல்லாரும்தானே பாஸ் போடுகிறார்கள்?

பிக் அண்ட் ரோல் என்று ஒன்று உண்டு, இன்றைய கூடைப்பந்தின் அன்றாடச் சாப்பாடு அது. உயரமான ஒரு வீராங்கனை வந்து பந்து வைத்திருப்பவரின் காவலாளிக்குக் குறுக்கே சுவர் மாதிரி நிற்பார், பந்து வைத்திருப்பவர் அந்தச் சுவரை உரசிக்கொண்டு வெளியே வருவார், சுவராக நின்றவர் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவார். அந்த ஒரு கணத்தில் எதிரணியின் இரண்டு பேர் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதனால் எங்கேயோ ஒருத்தர் காவல் இல்லாமல் இருப்பார். அவர் யார் என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான கார்டுகள் (பந்தை நடத்திச் செல்லும் வீராங்கனைகள்) அவரைக் கண்டுபிடித்ததும் கொடுத்துவிடுவார்கள். சூ கொடுக்க மாட்டார். அரை நொடி தாமதிப்பார். மூலையில் நிற்கும் ஷூட்டரை வெறிக்கப் பார்ப்பார், கூடைக்கு அடியில் காவலுக்கு நின்ற ஆள் அதை நம்பி ஓர் அடி அந்தப் பக்கம் நகர்வார், அந்த ஓர் அடிக்காகத்தான் சூ காத்திருந்தார். பந்து இந்தப் பக்கமாக, உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் சக வீராங்கனைகளான லாரன் ஜாக்சனிடமோ பிரியானா ஸ்டூவர்ட்டிடமோ, ஓட்டம் தடைபடாத உயரத்தில், போய்ச் சேர்ந்திருக்கும். திரும்பப் போட்டுப் பார்த்தால் பாஸ் சாதாரணமாகத்தான் இருக்கும், முதுகுக்குப் பின்னால் சுழற்றியெல்லாம் போட்டிருக்க மாட்டார். அந்த அரை நொடியை மறுபடி பாருங்கள்.

நான் பள்ளிக்கூட அணியில் கார்டாக ஆடியிருக்கிறேன் (குள்ளமாக இருந்ததால் வேறு இடம் கிடைக்கவில்லை, திறமையால் இல்லை). அந்த அரை நொடி நமக்கு எவ்வளவு நீளமாக, எவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கையில் பந்து சுடும். யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று இருக்கும்.

எம்விபி விருது ஒரு தடவைகூட வாங்கவில்லையாமே?

ஆமாம், வாங்கவில்லை. லீகின் சிறந்த வீராங்கனை விருதும் இல்லை, இறுதிப்போட்டியின் சிறந்த வீராங்கனை விருதும் இல்லை. ஸ்டார்ம் வென்ற நான்கு பட்டங்களிலும் அந்த இறுதிப்போட்டி விருது யாருக்குப் போனது என்று பாருங்கள்: 2004-இல் பெட்டி லெனாக்ஸ், 2010-இல் லாரன் ஜாக்சன், 2018-இலும் 2020-இலும் பிரியானா ஸ்டூவர்ட். மூன்று பேர், மூன்று தலைமுறை என்றுகூடச் சொல்லலாம். நான்கிலும் அவர்களுக்குப் பந்து கொடுத்தது ஒரே கை.

2020 இறுதிப்போட்டித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் 37 புள்ளி எடுத்தார், பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். அதே ஆட்டத்தில் சூ 16 அசிஸ்ட் கொடுத்தார். இறுதிப்போட்டி வரலாற்றில் அதுவரை யாரும் ஒரே ஆட்டத்தில் அத்தனை கொடுத்ததில்லை, அவருக்கு நாற்பது ஆக இன்னும் சில நாள்தான் இருந்தது. எம்விபி இல்லை என்று யாராவது குறையாகச் சொன்னால் நான் இந்த ஆட்டத்தைத்தான் எடுத்துப் போடுவேன்.

மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்றால், தேவைப்படும்போது தானே போட மாட்டாரா?

போடுவார், அதுதான் எனக்கு இன்னும் பிடித்த விஷயம். 2001-இல் கல்லூரிகளின் பிக் ஈஸ்ட் பிரிவுப் போட்டியில் நோட்ரே டாமுக்கு எதிரான இறுதி ஆட்டம், சமநிலையில் நின்றுகொண்டிருக்கிறது, சில நொடிகள்தான் மிச்சம். பந்தை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தானே கொண்டுபோய், மணி அடிக்கும் நேரத்தில் போட்டு ஜெயித்தார். 2010 இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்திலும் கடைசி நொடிகளில் வெற்றிப் புள்ளி அவருடையதுதான்.

ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன் என்றால் 2018 அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டத்தைப் பாருங்கள். எதிரணி ஃபீனிக்ஸ் மெர்குரி. அதில் டயானா டவுராசி இருக்கிறார், இரு தரப்பில் யார் தோற்றாலும் வெளியே என்ற ஆட்டங்களில் அதுவரை தோற்றதே இல்லாதவர். சூவுக்கோ முந்தைய ஆட்டத்தில் மூக்கு உடைந்துவிட்டது, முதல் தடவையும் இல்லை. வயது 37. முகக்கவசம் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆட்டம் கை நழுவிப் போகிற மாதிரி இருந்தது. கடைசிக் கால் பகுதியில் திடீரென்று பாஸ் கொடுப்பதை நிறுத்திவிட்ட மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் தானே போட ஆரம்பித்தார், அந்தப் பகுதியில் மட்டும் 14 புள்ளி. ஸ்டார்ம் 94-84 என்று ஜெயித்தது. நமக்கு அது காலை நேரம், வேலைக்குக் கிளம்ப வேண்டியவள் ஒரு கையில் சீப்போடு நின்றபடியே பார்த்து முடித்தேன்.

அப்புறம் இறுதிப்போட்டியில் வாஷிங்டனை 3-0 என்று முடித்தார்கள். அது எனக்குச் சரியாக ஞாபகம்கூட இல்லை.

வயது ஏற ஏற ஆட்டம் குறையத்தானே செய்யும்?

சூவுக்கு ஆட்டத்துக்கு 7.1 அசிஸ்ட் என்ற வாழ்நாள் உச்ச சராசரி வந்தது எந்த வருஷம் தெரியுமா? அதே 2018-இல்.

இடது முட்டிதான் அவருடைய தீராத தொல்லை. கல்லூரி முதலாண்டில் எட்டே ஆட்டம் ஆடியதும் முட்டித் தசைநார் கிழிந்து அந்த சீசன் போச்சு. 2013-இல் முட்டி அறுவை, லீக் சீசன் முழுக்க இல்லை. 2019-இல் மறுபடியும் அதே கதை. இருபத்தோரு வருஷம் அணியில் இருந்தும் ஆடிய சீசன் பத்தொன்பது என்பது இதனால்தான்.

2013-க்குப் பிறகு அவர் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார், சாப்பாடு, தூக்கம், பயிற்சி எல்லாமே. முன்பெல்லாம் அதையெல்லாம் பெரிதாகக் கவனித்ததில்லை என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் உடம்பைப் பார்த்துக்கொண்டது பாதிக் கதைதான் என்பது என் கட்சி. வேகத்தை நம்பி ஆடியவர்களுக்கு வேகம் போனால் எல்லாம் போச்சு. சூ இருபது வயதிலேயே வேகத்தை நம்பி ஆடவில்லை, எதிராளியின் கண் எங்கே போகிறது என்பதை நம்பி ஆடினார். அது வயதோடு கூடத்தான் செய்யும்.

பனிக்காலத்தில் ரஷ்யாவுக்குப் போய் ஆடினாராமே, எதற்கு?

காசுக்கு. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

டபிள்யூஎன்பிஏ கோடைகால லீக். 2019-இல்கூட அங்கே ஒரு வீராங்கனைக்கு உச்சபட்ச சம்பளம் வருஷத்துக்கு 1,20,000 டாலரைத் தொடவில்லை, ஆண்கள் லீகில் உட்கார்ந்தே இருப்பவர்கள்கூட அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ரஷ்ய அணிகள் அதைப்போலப் பல மடங்கு கொடுத்தன. அதனால் கோடையில் அமெரிக்கா, பனியில் ரஷ்யா என்று வருஷம் முழுக்க ஓய்வே இல்லாமல் ஆடினார்கள். சூவும் டவுராசியும் ஸ்பார்டக் மாஸ்கோ அணியில் ஒன்றாக ஆடி 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு முறை ஐரோப்பிய கிளப் அணிகளின் உச்சப் போட்டியான யூரோலீக் பட்டம் வாங்கினார்கள். அந்த அணியின் முதலாளி ஷப்தாய் கல்மனோவிச் ஒரு காலத்தில் சோவியத்துக்கு உளவு பார்த்ததாக இஸ்ரேலில் சிறையில் இருந்தவர், வீராங்கனைகளை ராஜமரியாதையோடு வைத்திருந்தவர், 2009-இல் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் பிழைப்புக்காக அங்கே போக வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2015-இல் டவுராசிக்கு அவருடைய ரஷ்ய அணி, அமெரிக்க சீசனில் ஆடாமல் ஓய்வெடுக்கவே பணம் கொடுத்தது!

2020-இல் வீராங்கனைகள் சங்கம் புது ஒப்பந்தம் போட்டு உச்சபட்சச் சம்பளத்தை 2,15,000 டாலராக உயர்த்தியது. சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சூவும் இருந்தார். அதன் பலனை அவர் அனுபவித்தது மூன்றே சீசன்.

ஒரே அணியிலேயே இருந்தது விசுவாசமா, சோம்பலா?

நக்கல் புரிகிறது. சியாட்டிலின் கதை தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். 2008-இல் அந்த ஊரின் ஆண்கள் அணியான சூப்பர்சோனிக்ஸ் ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டது. அதே முதலாளிகளிடம்தான் ஸ்டார்மும் இருந்தது. அதுவும் போயிருக்கும். சியாட்டிலைச் சேர்ந்த நான்கு பெண்கள் சேர்ந்து ஸ்டார்மை விலைக்கு வாங்கி ஊரிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஆண்கள் அணி போன ஊரில் பெண்கள் அணி மட்டும் மிஞ்சியது, அதற்கு முகமாக சூ இருந்தார்.

அதற்கப்புறமும் நல்ல காலமாக இருக்கவில்லை. லாரன் ஜாக்சன் காயங்களால் விலகிய பிறகு 2014, 2015 இரண்டு வருஷமும் அணி அதலபாதாளத்தில் கிடந்தது. முப்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், பட்டம் வாங்கும் அணிக்குப் போயிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இருந்தார். 2015-இல் ஜூவல் லாய்ட் வந்தார், 2016-இல் ஸ்டூவர்ட் வந்தார், மீதி உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்கா எப்படியும் ஜெயிக்கும், ஒலிம்பிக் தங்கத்தில் என்ன பெருமை?

ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். 1996 முதல் அமெரிக்கப் பெண்கள் அணி ஒலிம்பிக்கில் தங்கத்தை விட்டதே இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக இடம் பிடிப்பதே ஒரு தனி உலகக் கோப்பை. 2004 ஏதென்ஸிலிருந்து டோக்கியோ வரை ஐந்து முறை அதில் இருப்பது என்றால், உங்களுக்குப் பின்னால் வந்த நான்கு கல்லூரித் தலைமுறைகளும் உங்களைத் தள்ள முடியவில்லை என்று அர்த்தம். டோக்கியோவில் தொடக்க விழாவில் கொடி பிடித்த இருவரில் ஒருவர் அவர். இறுதியில் ஜப்பானை 90-75 என்று ஜெயித்தார்கள். அவரும் டவுராசியும் ஐந்தாவது தங்கத்தோடு கட்டிப் பிடித்துக்கொண்ட படம் என் போனில் இருக்கிறது.

டவுராசியா, சூவா?

டவுராசி மேலான ஷூட்டர், மேலான ஸ்கோரர், 2024 பாரிஸில் ஆறாவது தங்கமும் வாங்கிவிட்டார். சூ. அடுத்த கேள்வி.

குறையே இல்லாதவர் மாதிரி பேசுகிறீர்களே?

இருக்கிறது. தடுப்பாட்டத்தில் கடைசி சில வருஷங்களில் இளசுகள் அவரைத் தாண்டி ஓடியதை நானே பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அணி அவரைப் பலவீனமான எதிராளியின்மேல் நிறுத்தி மறைக்கவும் செய்தது. ரீபவுண்ட் (கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்து) எடுப்பது அவருக்குப் பிடிக்காத வேலை போல. எதிராளி தவறாக இடித்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்காகக் கோட்டுக்குப் போவதும் குறைவு, இடித்துக்கொண்டு உள்ளே நுழைவதைத் தவிர்ப்பார். அந்த மூக்கு எத்தனை தடவை உடைந்தது என்று பார்த்தால் எனக்குக் கோபம் வரவில்லை.

அரசியலில் எல்லாம் தலையிட்டாராமே?

2020-இல் கோவிட் காரணமாக சீசன் முழுக்க ஃப்ளோரிடாவில் ஒரே வளாகத்துக்குள் நடந்தது. அட்லாண்டா அணியின் உரிமையாளர்களில் ஒருவரான கெல்லி லோஃப்ளர் அப்போது ஜார்ஜியாவின் செனட்டர், தேர்தலிலும் நின்றார். கறுப்பின மக்களுக்கான இயக்கத்தை லீக் ஆதரித்ததை அவர் எதிர்த்தார். வீராங்கனைகள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தால் அவருக்குத்தான் விளம்பரம். அவர் பெயரையே எடுக்காமல், அவரை எதிர்த்து நின்ற ரஃபேல் வார்னாக்கின் பெயரை டிஷர்ட்டில் போட்டுக்கொண்டு எல்லா அணிகளும் மைதானத்துக்கு வந்தால் என்ன என்ற யோசனை சூவுடையது. அப்போது வார்னாக்கைப் பலருக்குத் தெரியாது. 2021 ஜனவரியில் அவர் செனட்டர் ஆனார். ஜெயித்தது டிஷர்ட்டால்தானா என்றெல்லாம் நான் சண்டைக்கு வரவில்லை. எல்லாரும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பந்தை இன்னொரு பக்கம் கொடுப்பது, வேறென்ன?

கடைசி ஆட்டத்தைப் பார்த்தீர்களா? அழுதீர்களா?

பார்த்தேன். கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில்தான் அழுதேன்.

2022 செப்டம்பர் 4, லாஸ் வேகஸ் ஏசஸுக்கு எதிரான அரையிறுதித் தொடரில் மூன்றாவது ஆட்டம். கடைசி நொடிகளில் பந்து மூலையில் நின்ற சூவிடம் வந்தது. 41 வயது, ஓய்வு அறிவித்தாகிவிட்டது, மூன்று புள்ளி எறிந்தார், உள்ளே போனது. 1.8 நொடி மிச்சம், ஸ்டார்ம் இரண்டு புள்ளி முன்னால். அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி சத்தம். கதை எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அங்கே முடித்திருப்பார். ஆனால் அந்த 1.8 நொடிக்குள் ஏசஸின் ஜாக்கி யங் உள்ளே புகுந்து போட்டுச் சமன் செய்துவிட்டார், கூடுதல் நேரத்தில் ஏசஸ் அடித்து நொறுக்கியது. இன்னமும் அந்த 1.8 நொடியை என்னால் முழுசாகப் பார்க்க முடியாது, போனைத் திருப்பி வைத்துவிடுவேன்.

இரண்டு நாள் கழித்து நான்காவது ஆட்டம் 97-92 என்று தோல்வி, அதோடு முடிந்தது. மைதானத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார், ரசிகர்கள் நன்றி சூ என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். முந்தைய வருஷம் இதே ரசிகர்கள்தான் இன்னும் ஒரே ஒரு வருஷம் என்று கத்தியவர்கள், அவரும் அதைக் கேட்டு ஒரு வருஷம் கூடுதலாக ஆடியவர்.

இப்போது என்ன செய்கிறார்?

2023-இல் பத்தாம் எண் ஜெர்சியை ஸ்டார்ம் மேலே தூக்கிக் கட்டியது. 2024-இல் அணியின் உரிமையாளர்களில் ஒருவராகச் சேர்ந்தார். 2025-இல் கூடைப்பந்துப் புகழரங்கில் இடம், அமெரிக்கப் பெண்கள் அணியைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகப் பொறுப்பு, அரங்கத்துக்கு வெளியே வெண்கலச் சிலை. டபிள்யூஎன்பிஏ வீராங்கனை ஒருவருக்கு அவருடைய அணி சிலை வைத்தது அதுவே முதல் முறை. சிலையில் அவர் பந்தைக் கூடையில் போடப் போகிறார். பாஸ் கொடுக்கிற மாதிரி வைத்திருக்கலாம் என்பது என் சின்ன மனத்தாங்கல். ஆனால் பாஸுக்குச் சிலை வைத்தால் வாங்குகிறவருக்கும் ஒரு சிலை வைக்க வேண்டி வரும், சரி போகட்டும்.

புதிதாகப் பார்ப்பவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

தொகுப்பு வீடியோக்களிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதில் பந்து கூடைக்குள் போவதைத்தான் காட்டுவார்கள், சூ திரைக்கு வெளியே போயிருப்பார். 2018 அரையிறுதி ஐந்தாவது ஆட்டம் முழுசாகக் கிடைத்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் 2020 இறுதியின் முதல் ஆட்டம். முதல் தடவை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாவது தடவை பந்தை விட்டுவிடுங்கள், பத்தாம் எண்ணின் தலையை மட்டும் பாருங்கள், அது எந்தப் பக்கம் திரும்புகிறது, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். நான் ஒரு ஆட்டத்தில் அப்படி எண்ண ஆரம்பித்து இரண்டாவது கால் பகுதியிலேயே கணக்கைத் தவறவிட்டேன், அவர் என்னையும் ஏமாற்றிவிட்டார்.